திறந்த கதவு, திருடுபோன வெடி

"திருட வந்தவன் கதவைச் சாத்திட்டுத்தான் திருடுவான். இந்த ஆளு ரெண்டு கதவையும் அகலத் திறந்து வச்சிட்டுத் திருடியிருக்கான். ஏன்லே மகேஷு?" என்று கேட்டார் பாண்டிலட்சுமி அக்கா.

"வெக்கையா இருந்திருக்கும்க்கா."

"ஏசி ஓடிக்கிட்டிருந்த ரூம்லயா?"

நான் தலையைச் சொறிந்தேன்.

விருதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்த அக்காதான் அதற்கு மூளை. மகேஷ்குமார் ஆகிய நான் பைக் ஓட்டுவேன், டீ வாங்குவேன், திட்டும் வாங்குவேன். இத்தனை வருஷத்தில் அக்கா வாயிலிருந்து எனக்கு ஒரு பாராட்டு வந்ததில்லை. ஊரில் எவன் எவனையோ கெட்டிக்காரன் என்பார். ஆகவே பொறாமை என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். இந்த வழக்குக்கு அந்தப் படிப்பு தேவைப்பட்டது.

நாங்கள் நின்றிருந்தது திருத்தங்கலில், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் ஓர் அச்சகத்தின் மாடியில். கீழே மெஷின் ஓட, மேலே தரை லேசாக அதிர்ந்தது. அந்த மாடியில் புகழேந்தி என்பவர் வீடியோ கேம் கம்பெனி நடத்துகிறார். நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அங்கே திருட்டு.

"என்ன போச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் அக்கா.

புகழேந்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாற்பதை எட்டப்போகிற வயது. ஏசி அறையை ஆட்களுக்கு விட்டுவிட்டு, அவர் ஹாலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மாடிப்படிப் பக்கக் கதவும் பால்கனிக் கதவும் பேப்பர் பண்டலை முட்டுக்கொடுத்துத் திறந்து கிடந்தன. இரண்டு பக்கமும் அனல் காற்று. இவ்வளவு வசதி இருந்தும் வேர்வையில் ஊறுகிற முதலாளியை அப்போதுதான் பார்க்கிறேன். அந்த ஏசியை எனக்குக் கொடுத்தால் என்ன என்று கடுப்பாக இருந்தது.

"ககன வேட்டைன்னு ஒரு ஆட்டம் மேடம். எண்பதுகள்ல வந்த சுடுற ஆட்டம். காசு போட்டு விளையாடுறது. அந்தா நிக்குதே, அதான் அதோட மெஷின். பொருட்காட்சிக்காரர் ஒருத்தர்கிட்ட வாங்குனேன். இப்ப டிவியில மாட்டி விளையாட புதுசா ஒரு கன்சோல் வந்திருக்கு. அதுக்கு இந்த ஆட்டத்தப் புதுப்பிச்சுக் குடுக்கச் சொல்லி ஜப்பான் கம்பெனியில ஆர்டர். ஆட்டத்தோட வேகம், எதிரிக் கப்பல் வர்ற வரிசை, எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னு கண்டிஷன். படமும் சத்தமும் மட்டும்தான் புதுசு. பழசுல கப்பல் வெடிச்சா நாலு மஞ்சக் கட்டம் தெரியும், அம்புட்டுத்தான். அத நிஜ வெடியா மாத்தணும்."

"மாத்துனது யாரு?"

"பானுப்பிரியான்னு ஒரு பொண்ணு. அந்த வெடி மொத்தமும்தான் போச்சு. கம்ப்யூட்டர்ல இருந்தத அழிச்சிட்டாக. இன்னொரு காப்பி சின்ன பென் டிரைவ்ல இருந்துச்சு, அதையும் காணோம். இன்டர்நெட்ல ஏத்தி வைக்கக் கூடாதுன்னு கண்டிஷன். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஆட்டத்த அனுப்பியாகணும்."

"அனுப்பலன்னா?"

"அனுப்பிருவேன் மேடம். நானே செஞ்ச வெடி ஒரு செட்டு இருக்கு. அத வச்சு அனுப்பிருவேன். ஆனா எதுக்கு மாத்துனீகன்னு ஜப்பான்காரக கேப்பாக. பானுப்பிரியாதான் எடுத்துட்டுப் போயிட்டான்னு நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தீகன்னா போதும். அதக் காட்டிப் போலீஸ்லயும் குடுத்துருவேன்."

"ரிப்போர்ட்ட நீங்களே எழுதி வச்சிட்டீக போல. கையெழுத்துக்குத்தான் நாங்களா?" என்றேன். அக்கா என்னை முறைத்தார்.

முறைப்பிலிருந்து தப்பிக்க நான் அந்தப் பழைய மெஷின் பக்கம் ஒதுங்கினேன். பீரோ உயரம். நிமிர்ந்து நிற்கும் திரை, சிவப்பு உருண்டை வைத்த கைப்பிடி. பார்த்ததும் கை துறுதுறுத்தது. பாக்கெட்டில் இருந்த ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஓட்டையில் வைத்தேன்.

"போடாதீக தம்பி! மெஷின் ரிப்பேரு!" என்று புகழேந்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

அதற்குள் நாணயம் உள்ளே போய்விட்டது. ஒரு 'டங்' இல்லை, ஒரு 'கிளிங்' இல்லை. மெத்தையில் விழுந்ததுபோல அமைதி. திரையும் எரியவில்லை.

"சார், என் காசு?"

"அப்புறம் எடுத்துத் தாரேன். சாவி வீட்டுல கிடக்கு."

"காசு போனாலும் பரவால்ல, உன் கை ஒரு இடத்துல நிக்காதாலே?" என்று அக்கா கடிந்துகொண்டார். ஆனால் அவர் கண் அந்த ஓட்டை மேலேயே கொஞ்சம் நின்றது.

பிறகு அக்கா ஏசி அறையைப் பார்த்தார். அச்சகத்துக்காரர்கள் ஒரு காலத்தில் பேப்பர் அடுக்கிய அறை அது. ஒரு கதவு ஹாலுக்கு, ஒரு கதவு பின்பக்கப் படிக்கு. நாங்கள் வந்ததுமே அந்தக் கதவுகளைப் பற்றிச் சொல்லியிருந்தது, கூட்டிப் பெருக்கி டீ போட்டுக்கொடுக்கும் அய்யம்மாள். அக்கா மறுபடி கேட்டார்.

"நேத்து நான் கீள போயிட்டு வாரேன், ரெண்டு கதவும் ஆன்னு தெறந்து கெடக்குதும்மா. ஏசி காத்து அம்புட்டும் படியில எறங்கிப் போவுது. எவன் பாத்த வேலைன்னு வைஞ்சுக்கிட்டே சாத்துனேன்."

அக்கா ஹாலுக்குத் திரும்பி வந்தார். "இந்தச் சீமையில ரெண்டு கதவையும் திறந்து போட்டுட்டுச் செய்யிற வேல ஒண்ணுதான் இருக்கு. பயர் ஆபீஸ் வேல. வெடிமருந்து ரூம்ல கதவு சாத்துனா போர்மேன் உயிர எடுத்துருவாரு. என்னமும் ஆச்சுன்னா எந்தப் பக்கமும் ஓடணும்ல? அந்தப் பழக்கம் உடம்புல ஊறுன ஆளுதான் நேத்து அந்த ரூமுக்குள்ள போயிருக்கு. பதட்டத்துல கைதான் கதவத் திறந்திருக்கு, புத்தி இல்ல."

பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். புகழேந்தி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேஜையில் தட்டினார்.

"பாத்தீகளா! பானுப்பிரியா வீடே பயர் ஆபீஸ் வீடு. அவ அம்மா இன்னமும் அங்கனதான் வேல பாக்குது. இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?"

"சாயங்காலம் வரைக்கும் நேரம் வேணும்" என்று அக்கா படியில் இறங்கினார்.

பாதிப் படியில் ஓர் அம்மாள் சாப்பாட்டுப் பையோடு ஏறி வந்தார். பட்டுக்கரைச் சேலை, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற கோபம். புகழேந்தியின் மனைவி செல்வலட்சுமி. நாங்கள் யார் என்று தெரிந்ததும் பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டார்.

"அந்தப் பிள்ளைய உள்ள பிடிச்சுப் போடுங்க முதல்ல. விடிஞ்சா அடைஞ்சா பானு செஞ்ச வெடி, பானு செஞ்ச வெடி. வீட்டுலயும் இதே பேச்சு. ஒரு நாள் தூக்கத்துலகூட அவ பேரச் சொன்னாரு. எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

"நேத்து மத்தியானம் வந்தீகளாம்மா?" என்று அக்கா கேட்டார்.

"வந்தேன். கீழயே அய்யம்மாகிட்ட சாப்பாட்டக் குடுத்துட்டுப் போயிட்டேன். அவ மூஞ்சியில முழிக்க எனக்கு இஷ்டமில்ல."

"உங்க ரெண்டு பேர் வீட்டுலயும் யாராச்சும் பயர் ஆபீஸ் வேல பாத்ததுண்டா?"

"சாத்தூர் பக்கம் எங்க அப்பாவுக்குத் தோட்டம் துரவு இருக்கு. நான் எதுக்கு அங்கன போறேன்? அவரு கோயம்புத்தூர்ல மாமா வீட்டுல வளந்தவரு. அங்க படிக்கையிலதான் எங்களுக்குப் பழக்கம். பயர் ஆபீஸ் வாசலையே மிதிச்சதில்லன்னு சொல்லுவாரு."

பைக்கைக் கிளப்பும்போது நான் அடித்துச் சொன்னேன். "அக்கா, கேஸ் முடிஞ்சுது. இந்தம்மாதான். அந்தக் கண்ணுல எரியுறது நூத்துக்கு நூறு பொறாமை. எனக்குத் தெரியாதா?"

"பொறாமை சரிதான். ஆனா அந்தம்மா திருட வந்தா கதவச் சாத்திட்டு, தாப்பாளும் போட்டுட்டு, பானுப்பிரியா நாற்காலியையும் ஒடைச்சிட்டுல்ல போயிருக்கும்? வண்டிய விடு."

பானுப்பிரியாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் ஒல்லியான பெண் ஒருத்தி திறந்தாள். அழுது வீங்கிய கண். எங்களை உள்ளே விட்டதும் தெருப்புழுதி வராமல் கதவைச் சாத்தித் தாழும் போட்டாள். அந்தச் சின்ன அறையில் எனக்கு மூச்சு முட்டியது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"நீ எத்தன வருஷம் பயர் ஆபீஸ்ல இருந்த?" அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"ஒரு நாள்கூட இல்லக்கா. அம்மா விடல. இந்த மருந்து என்னோட போகட்டும், நீ வேற ஏதாச்சும் பாருன்னு சொல்லிருச்சு. கீழ பிரஸ்ல லேபிளுக்குப் படம் போட்டுக்கிட்டிருந்தேன். அதப் பாத்துட்டு சார்தான் மாடிக்குக் கூப்பிட்டாக. எல்லாரும் நான் பயர் ஆபீஸ்ல இருந்தவன்னே நினைக்காக."

"அப்ப வெடியப் பத்தி எப்படித் தெரியும்?"

"மாடியில நின்னு பாக்கிறதுதான். சீசனுக்கு முந்தி பேன்சி வெடியெல்லாம் தூரத்துல விட்டுப் பாப்பாகல்ல? வெளிச்சம் முதல்ல வரும், சத்தம் பின்னாடி வரும். எம்புட்டுப் பிந்தி வருதோ அம்புட்டு தூரம். பழைய ஆட்டத்துல ரெண்டும் ஒண்ணா வரும். நான் பிரிச்சு வச்சேன். கண்ண மூடிக்கிட்டுக்கூட, கப்பல் பக்கத்துல வெடிச்சுச்சா தூரத்துல வெடிச்சுச்சான்னு சொல்லிறலாம்." சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "போன வாரம் ஜப்பான்ல இருந்து வீடியோ கால்ல பேசுனாக. இந்த வெடி செஞ்சது யாரு, முகத்தக் காட்டுங்கன்னு கேட்டாக. நான் வந்து நின்னேன். எல்லாரும் கை தட்டுனாக. ஆட்டம் ஆரம்பிக்கையில என் பேரு முதல்ல வரணும்னு சொன்னாக."

"அப்ப உங்க சார் எங்க இருந்தாரு?"

"பக்கத்துலதான். கேமராவுக்கு இடைஞ்சலா இருக்குன்னு அவரத் தள்ளி நிக்கச் சொன்னாக."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இப்பத் திருடிங்கிறாக. போலீஸ்ல குடுத்தா எங்கம்மா தெருவுல எப்படிக்கா நடக்கும்? சம்பளம்கூட வேண்டாம். அந்த ஆட்டத்துல என் பேரு வந்தாப் போதும்."

"கிளம்பு எங்ககூட" என்றார் அக்கா. வாசலுக்கு வந்ததும் என்னிடம், "எம்புட்டு சூட்டிகையான பிள்ளைலே!" என்றார்.

பார்த்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் சூட்டிகையாம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மூன்று பேரையும் சுமந்துகொண்டு பைக்கும் முனகியது.

ஏசி அறையில் அக்கா எல்லோரையும் கூட்டிவைத்தார். டிவிக்கு முன்னால் பானுப்பிரியா, அவளைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்து செல்வலட்சுமி, நடுவில் புகழேந்தி.

"சார், நீங்க செஞ்ச வெடியப் போட்டுக் காட்டுங்க. ரிப்போர்ட்ல எழுதணும். சத்தத்த நல்லா கூட்டி வைங்க" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, ரெண்டு கதவையும் சாத்து. ஏசி காத்து போவுது" என்றார்.

சாத்தினேன். ஏசிக் காற்று எனக்கு சொர்க்கமாக இருந்தது. அய்யம்மாள் போட்ட டீயை உறிஞ்சிக்கொண்டு நான் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

டிவியில் ககன வேட்டை ஓடியது. எதிரிக் கப்பல்கள் வரிசை கட்டி இறங்கின. புகழேந்தி சுட்டார். ஒரு கப்பல் வெடித்தது. பார்க்கச் சுமார்தான், ஆனால் சத்தம் காதைப் பிளந்தது. மூடிய அறை என்பதால் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. இன்னொன்று. அடுத்தடுத்து நாலைந்து.

பானுப்பிரியா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வலட்சுமி காதைப் பொத்திக்கொண்டார். புகழேந்தியின் கழுத்தில் வேர்வை ஓடியது. அவர் பார்வை திரையில் இல்லை. ஹால் கதவுக்குப் போனது, பின் கதவுக்குப் போனது, மறுபடி ஹால் கதவுக்கு வந்தது.

பெரிய தாய்க்கப்பல் வெடித்தபோது அவர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தார். ஹால் கதவை இழுத்துத் திறந்தார். அவர் அறையைக் குறுக்கே கடந்து போய்ப் பின் கதவையும் திறந்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

"ஒரு கதவத் திறந்தா காத்துக்குன்னு சொல்லலாம் சார். ரெண்டாவத எதுக்குத் திறந்தீக?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

புகழேந்தி கதவுப்பிடியில் இருந்த தன் கையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. முகம் வெளிறிவிட்டது.

"ஹால்லயும் இதே கதைதான். ரெண்டு பக்கமும் முட்டுக்குடுத்துத் திறந்து வச்சிட்டு வெக்கையில உக்காந்திருக்கீக. பானுப்பிரியா கதவச் சாத்தித் தாப்பா போட்டுக்கிட்டு நிம்மதியா இருக்கா. பயர் ஆபீஸ் உடம்பு யாரோடதுன்னு அப்பவே எனக்குச் சந்தேகம். சரி, டிரைவ் எங்க?"

எனக்குப் பொறி தட்டியது. டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். "அக்கா, என் அஞ்சு ரூபாய்!"

"இப்பத்தான் விடிஞ்சுதா?"

"இரும்புப் பெட்டியில காசு விழுந்தா சத்தம் வரணும். வரல. உள்ள துணி இருக்கு. சார், சாவி வீட்டுல இல்ல, உங்க இடுப்புல தொங்குது. நான் பாத்தேன்."

புகழேந்தி சாவியைத் தானாகவே நீட்டினார். அந்தப் பழைய மெஷினின் காசுப் பெட்டியைத் திறந்தேன். மடித்த துண்டு ஒன்று. அதன்மேல் என் ஐந்து ரூபாய் சமர்த்தாகப் படுத்திருந்தது. துண்டுக்குள்ளே டிரைவ்.

"சபாஷ்லே" என்றார் அக்கா.

சத்தியமாக, அப்படித்தான் சொன்னார். நான் அந்தக் காசைச் செலவு செய்யப்போவதில்லை.

பானுப்பிரியா டிரைவைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஏன் சார்? நீங்கதான என்னைய மாடிக்குக் கூட்டிட்டு வந்தீக?"

புகழேந்தி நாற்காலியில் உட்கார்ந்தார். "நானும் வெடி செஞ்சேன் பானு. உனக்கு முன்னாடி ஒரு வருஷம் உக்காந்து செஞ்சேன். ஒருத்தன் பாராட்டல. நீ மாடியில நின்னு வேடிக்க பாத்தவ. நான் உள்ள இருந்தவன். அச்சங்குளத்துப் பயர் ஆபீஸ்ல, லீவு நாள்ல எங்கம்மாகூடப் போயி மருந்து ரூம்ல உக்காந்திருப்பேன். ஒரு நாள் பக்கத்து ரூம் வெடிச்சுப் போச்சு. எங்க ரூம்ல ரெண்டு கதவும் திறந்திருந்துச்சு, அம்மா என்னைய வெளிய தள்ளி விட்டுருச்சு. அந்தப் பக்கத்து ரூம்ல ஒரு கதவச் சாத்தி வச்சிருந்தாக, ஒருத்தரும் வெளிய வரல. அதுக்கப்புறம்தான் என்னைய மாமா வீட்டுக்கு அனுப்புனாக. வெடின்னா எனக்குத்தான தெரியணும்? ஜப்பான்காரக உன்னப் பாத்துக் கை தட்டுறாக, என்னைய ஓரமா நிக்கச் சொல்றாக. தாங்க முடியல. அம்புட்டுத்தான்."

கீழே அச்சு மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. செல்வலட்சுமி முதன்முறையாகப் பானுப்பிரியாவை நேராகப் பார்த்தார். பிறகு புருஷனை.

"இதுக்குத்தான் வீட்டுல ஏசி வாங்க விடலையா? கோயம்புத்தூர்க்காரன்னு என்கிட்டயே சொல்லிட்டுத் திரிஞ்சீகளே!" குரல் உடைந்தது. "இவ மேல ஆசப்பட்டுருக்கீகன்னு நினைச்சு நான் ராத்திரியெல்லாம் அழுதேன். ஆசப்பட்டிருந்தாக்கூடச் சண்ட போட்டு ஒரு வழி பண்ணியிருப்பேன். ஒரு சின்னப் பிள்ள மேல வயித்தெரிச்சல் பட்டுருக்கீக. இத நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

"ரிப்போர்ட் எழுதட்டுமா சார்?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அக்கா பானுப்பிரியாவைக் கேட்டார். "நீ சொல்லும்மா. போலீஸ்ல குடுக்கவா?"

அவள் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினாள். எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல ஜப்பானுக்குக் கால் போடச் சொல்லுங்கக்கா. நேத்து என்ன நடந்துச்சுன்னு சாரே அவங்ககிட்டச் சொல்லட்டும். இந்தத் தடவ கேமராவுக்கு முன்னாடி நின்னு சொல்லட்டும். ஆட்டத்த அதுக்கப்புறம் நானே அனுப்புறேன்."

புகழேந்தி தலையாட்டினார். கால் போய்க்கொண்டிருந்தபோது, ஏசி காற்று வீணாகிறதே என்று நான் ஹால் கதவைச் சாத்தப் போனேன். பழக்க தோஷம்.

"சாத்தாதீகண்ணே. திறந்தே இருக்கட்டும்" என்றாள் பானுப்பிரியா.

புகழேந்தி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அவள் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"உங்களுக்கு மூச்சு முட்டக் கூடாதுன்னுதான் சார். மன்னிச்சுட்டேன்னு நினைச்சிராதீக."

அனுப்பும் முன் அவள் ஆட்டத்தை ஒரு தடவை ஓட விட்டாள். டிவியில், தூரத்தில் தாய்க்கப்பல் வெடித்தது. அவளுடைய வெடி. அறை முழுக்க வெளிச்சம் வந்தது. நாங்கள் எல்லோரும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.